மாமனார் விட்டுச்சென்ற பேஸ்பால் அட்டைகள்: விற்பதா, இன்னும் வாங்குவதா?

கேள்வி: நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். கணவர் அமெரிக்கர். சென்ற ஆண்டு காலமான மாமனாரின் அலமாரியில், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஏறக்குறைய இருநூறு பழைய பேஸ்பால் அட்டைகள் (ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகள்) ஒரு காலணிப் பெட்டிக்குள் கிடைத்தன. 1952 முதல் 1956 வரை டாப்ஸ் நிறுவனம் வெளியிட்டவை என்கிறார் கணவர். மிக்கி மேன்டில், ஹாங்க் ஆரன், ராபர்டோ கிளமென்டே ஆகிய புகழ்பெற்ற வீரர்களின் அட்டைகளும் அவற்றில் உண்டு. வியாபாரி ஒருவர் மொத்தத்துக்கும் 9,000 டாலர் ரொக்கம் தருவதாகச் சொல்கிறார். கணவரோ, விற்கக் கூடாது, ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து 40,000 டாலர் எடுத்து இன்னும் நல்ல அட்டைகளாக வாங்கலாம் என்கிறார். எங்கள் இருவருக்கும் வயது ஐம்பதுக்குள்தான். எது சரி?

பதில்: இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். இருநூறு அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு விலை சொல்லும் வியாபாரி, தனக்கு வேண்டிய மூன்று நான்கு அட்டைகளை மனத்துக்குள் ஏற்கெனவே பொறுக்கி எடுத்திருப்பார். மீதியெல்லாம் பேரத்தை மறைக்கும் போர்வைதான். அவரும் இலாபம் பார்த்தாக வேண்டும் என்பதால் அதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்று நான்கு எவையென்று தெரியாமல் நீங்கள் தலையாட்டக் கூடாது.

முதலில் மேன்டில் அட்டையை எடுத்து, அதன்மேல் அழுத்தாமல் அருகே ஓர் அளவுகோலை வையுங்கள். அது 1952ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவருக்குரிய 311ஆம் எண் அட்டையின் மூலப்பதிப்பாக இருந்தால் உயரம் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95 மில்லிமீட்டர் இருக்கும். டாப்ஸ் நிறுவனமே 1983இல் அந்தத் தொகுப்பை மறுபதிப்பாக வெளியிட்டது. அந்த அட்டைகள் மூன்றரை அங்குலம்தான். உயரம் சரியாக இருப்பதாலேயே அது அசலென்று ஆகிவிடாது, ஏனெனில் முழு அளவில் அச்சிட்ட போலிகளும் உலவுகின்றன. உயரம் குறைந்தால் மட்டும் அந்த ஒன்றைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது.

அந்த ஓர் அட்டைக்கு ஏன் இத்தனை மவுசு என்று கேட்பீர்கள். 407 அட்டைகள் கொண்ட அந்தத் தொகுப்பின் கடைசித் தொடர், 311 முதல் 407 வரை, ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில்தான் கடைகளுக்கு வந்தது. விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் ஒரு படகில் ஏற்றி, உங்கள் நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கர் பின்னாளில் கூறினார்.

ஆயினும் அருமை மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. அட்டை எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரும்பகுதி. 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போன மேன்டில் அட்டைக்கு, பத்துக்கு 9.5 தரப்புள்ளி கிடைத்திருந்தது. முனை மழுங்கி நடுவில் மடிப்பு விழுந்த அதே அட்டை, அந்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உங்கள் அட்டைகளைச் சன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: நான்கு முனைகளிலும் பஞ்சு கிளம்பியிருக்கிறதா, கட்டின் மேலும் கீழும் இருந்தவற்றின் விளிம்பில் ரப்பர் பேண்டு பள்ளம் பதித்திருக்கிறதா, ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்த தடம் பின்புறத்தில் தெரிகிறதா என்று கவனியுங்கள். கறையைத் துடைக்கவோ, மடிப்பை நீவவோ, ஓரத்தை நறுக்கவோ வேண்டாம். ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991இல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலமெடுத்த ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்பால் வீரரின் அட்டையின் ஓரத்தைத் தானே நறுக்கியதாக, முன்பு அதை விற்ற வியாபாரி 2013இல் ஒப்புக்கொண்டார். அந்த அட்டை அதன் புகழால் விலை குறையாமல் தப்பித்தது, உங்களுடையது தப்பிக்காது.

நல்லவை என்று தோன்றும் ஐந்தாறை மட்டும் பி.எஸ்.ஏ. அல்லது எஸ்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அட்டையின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால் இருநூறையும் அனுப்புவது வீண்செலவு. சான்று வந்ததும், மாமனார் காலமான தேதியை ஒட்டி அதே தரத்திலுள்ள அட்டைகள் என்ன விலைக்கு ஏலம் போயின என்பதைத் திரட்டி, எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சேகரிப்புப் பொருளை விற்று வரும் நீண்டகால இலாபத்துக்கு அமெரிக்கக் கூட்டாட்சி வரி 28 சதவீதம் வரை போகும். ஆனால் மரபுரிமையாக வந்த பொருளுக்கு, இறந்த நாளின் சந்தை மதிப்பே உங்கள் அடக்கவிலை. மாமனார் சிறுவனாக இருந்தபோது சில்லறைக் காசுக்கு வாங்கியது கணக்கில் வராது. மதிப்பீடு கையில் இருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு ஏறிய விலைக்கு மட்டுமே வரி கட்டுவீர்கள்.

இனி அந்த 40,000 டாலர். 1.26 கோடிக்குப் போன அட்டையை அதன் உரிமையாளர் 1991இல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். கூட்டுவட்டியில் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 19.5 சதவீதம். உங்கள் கணவர் மனத்தில் இந்தக் கதைதான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். 1980களின் இறுதியில் எதிர்காலத்துக்கென்று அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே அடுக்கிவைத்தவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. எல்லாரும் பத்திரப்படுத்தியதாலும், நிறுவனங்கள் அளவின்றி அச்சடித்ததாலும், அவற்றில் பெரும்பாலானவை இன்று அஞ்சல் செலவுக்குக்கூடத் தேறாது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் வழக்கமான ஐ.ஆர்.ஏ. (தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கிலிருந்து எடுத்தால், வருமான வரியோடு பொதுவாக 10 சதவீத அபராதமும் உண்டு. உங்கள் வரி விகிதம் 22 சதவீதம் என்று கொண்டால், மாநில வரியைச் சேர்க்காமலே 12,800 டாலர் போய், கையில் 27,200 நிற்கும். ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் பெரும்பாலும் 20 சதவீத அளவில் கூடுதல் தொகை வசூலிப்பதால், அந்தப் பணத்தில் நீங்கள் வாங்குவது ஏறக்குறைய 22,670 டாலர் ஏலவிலையுள்ள அட்டைகளைத்தான். நாற்பதாயிரத்தில் பதினேழாயிரத்துக்கு மேல் முதல் நாளே கரைந்துவிடும். அதன்பின் அவை வட்டியும் ஈவுத்தொகையும் தராமல் படுத்திருக்கும். பூட்டும் காப்பீடும் கேட்கும். விரும்பி வாங்கினால் அது பொழுதுபோக்குச் செலவு, மாதச் சம்பளத்திலிருந்து செய்யட்டும். ஓய்வுக்காலப் பணத்தைத் தொட வேண்டாம்.

தரச்சான்று பெற்றவற்றில் விலைமதிப்பு மிக்கதை ஏலத்துக்கு விடுங்கள்; விற்கும் தரகை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு இரண்டு மூன்று வியாபாரிகளிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். முனை மழுங்கிய கிளமென்டே ஒன்றைக் கணவரிடமே விட்டுவைக்கலாம். அவருடைய அப்பா கையில் வைத்து விளையாடியது. எதைச் செய்வதானாலும், அந்த ரப்பர் பேண்டை இன்றே கழற்றிவிடுங்கள். காய்ந்து ஒட்டியிருந்தால் இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள்.