கட்டம் பெரிது, கார் சிறிது!

கேள்வி: ஹாலுக்குக் கட்டம் கட்டமாகச் சேர்த்து அடுக்கும் அலமாரி வாங்கினோம். மகனின் ஹாட் வீல்ஸ் கார்கள், என் சென்னபட்டணா மரப் பொம்மைகள் (கர்நாடகத்து அரக்குப் பூச்சுப் பொம்மைகள்), சாவி, ரிமோட் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. எப்படிப் பிரிப்பது? – வாசகி, திருச்சி

பதில்: இந்த வகை அலமாரியில் ஒரு கட்டம் சுமார் 33 செ.மீ. உயரம் இருக்கும், ஹாட் வீல்ஸ் காரோ 7 செ.மீ. நீளம்தான், அப்படியே வைத்தால் மேலே காற்றும் தூசியும்தான் மிச்சம். தச்சரிடம் சொல்லி ப்ளைவுட்டில் கொலுப்படி மாதிரி மூன்று குட்டிப் படி செய்து கட்டத்துக்குள் வையுங்கள், பின்வரிசைக் காரும் கண்ணில் படும். பொம்மைகளை வெயில் விழாத கட்டத்தில் வையுங்கள். அரக்குப் பூச்சு சூட்டில் இளகும், சாயமும் வெளுக்கும். துடைக்கக் காய்ந்த துணி போதும், ஈரம் வேண்டாம். முடிந்தால் அந்தக் கட்டத்துக்கு மட்டும் கண்ணாடிக் கதவு போடலாம். சாவியும் ரிமோட்டும் காட்சிப் பொருளா என்ன? இழுப்பறைக்குள் தள்ளுங்கள். எல்லாக் காரையும் ஒரே நேரத்தில் அடுக்கவும் வேண்டாம், பாதி பெட்டியில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், அலமாரியைச் சுவரோடு ஆங்கிள் போட்டு முடுக்கினீர்களா? மேல் கட்டத்துக் காரை எடுக்கப் பையன் கட்டாயம் ஏறுவான், முதலில் அதைச் செய்யுங்கள்.