திரும்பி வரும் எண்

அன்புள்ள ஐயா,

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவன். பத்தாம் வகுப்பு வரை இங்கேயே தமிழ்வழியில் படித்தேன். பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்தான் இருந்தது. இப்போது கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிஸ்டம்ஸ் புரோகிராமிங் கற்க விரும்பி, மூன்று மாதங்களாக லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரலை வாசித்து வருகிறேன். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. இப்படியே தொடரலாமா? தமிழ்வழியில் படித்தது இதற்குத் தடையாகுமா?

ஒரு மாணவர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பிக்கு,

கேரள அரசு 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பின்னாளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதன் பயன் உங்களிடம் தெரிகிறது. கல்லூரிக்கு வந்த பிறகும் லினக்ஸை நிறுவத் தயங்கும் மாணவர்களைப் பார்க்கிறேன். உங்களுக்கு அது பள்ளிப் பழக்கம். நேராகக் கெர்னலுக்குள் இறங்கியதுதான் அவசரம். மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்ட அந்த மூலநிரலில் பாதிக்கு மேல் சாதன இயக்கிகள். இப்போதைக்கு அதை மூடி வையுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் சிஸ்டம் கால், அதாவது ஒரு நிரல் கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பு. கோவையிலிருந்து நீங்கள் ஊர் திரும்பும்போது மாநில எல்லையான வேலந்தாவளத்தில் பேருந்தும் ஓட்டுநரும் மாறுவதில்லை, செல்லுபடியாகும் அரசின் ஆணைதான் மாறுகிறது. சிஸ்டம் காலிலும் அதே புராசஸ்தான், அதாவது ஓட்டத்தில் உள்ள அதே நிரல்தான், தொடர்ந்து ஓடுகிறது. பிராசசர் கூடுதல் அதிகாரமுள்ள நிலைக்கு மாறி, கெர்னலின் நிரலை இயக்கிவிட்டு, ஓர் எண்ணோடு திரும்புகிறது. சாலைக்கு உள்ள குறுக்குவழிகள் இங்கே கிடையாது. கெர்னல் எண்ணிட்டு வைத்துள்ள வாசல்களின் வழியாக மட்டுமே நுழைய முடியும்: 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் வாசிக்கும் ரீடுக்கு எண் 0, எழுதும் ரைட்டுக்கு 1.

'வணக்கம்' என்று ஒரு வரியை அச்சிடும் சி நிரல் எழுதி, அதை ஸ்ட்ரேஸ் என்ற கருவியின் கீழ் ஓட்டுங்கள். நிரல் செய்யும் ஒவ்வொரு சிஸ்டம் காலையும் அது வரிவரியாகக் காட்டும். முதல் வரி, நிரலை ஏற்றித் தொடங்கும் எக்ஸெக்வி. நூலகங்களை ஏற்றும் வரிகளைக் கடந்து, இறுதிக்கு அருகில் ஒரு ரைட் இருக்கும், அதில் 22 என்ற எண் இருக்கும். 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் இரண்டு புள்ளிகளும் தனிக் குறிகள் என்பதால் 7. அவற்றைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், வரிமுடிவுக்கு 1. கெர்னலுக்குத் தெரிந்தவை பைட்டுகள்தாம். எந்த மொழியின் எழுத்தும் அதற்குத் தெரியாது.

அந்த வரியின் வலக்கோடியில் சமக்குறிக்குப் பின் இன்னொரு 22 இருக்கும். அதுதான் திரும்பி வந்த எண், அதாவது உண்மையில் எழுதப்பட்ட பைட்டுகளின் அளவு. நாம் கேட்டதைவிட அது குறைவாக இருக்கலாம். பிழையென்றால் −1 வரும். முன்பு ஓர் அலுவலகத்துக்காகத் தினமும் கோப்புகளை நகலெடுக்கும் நிரல் ஒன்றை எழுதியபோது அந்த எண்ணை நான் பார்க்கவே இல்லை. வட்டு நிறைந்த நாளிலிருந்து நகல்கள் பாதியில் அறுந்தன, நிரலோ ஒவ்வொரு நாளும் 'முடிந்தது' என்றே பதிவு செய்துவந்தது. ஒரு கணக்குக் கோப்பை மீட்க வேண்டி வந்த அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த இழப்பு என் கவனக்குறைவால் நேர்ந்தது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ரைட் முழு எண்ணைத் திருப்பினாலும்கூடத் தரவு வட்டைச் சேர்ந்துவிட்டது என்று பொருளில்லை. அது கெர்னலின் நினைவகத்தில் காத்திருக்கலாம், தரவை வட்டில் சேர்க்கச் சொல்லும் எஃப்சிங்க் என்ற சிஸ்டம் காலை அழைத்த பிறகே உறுதி கிடைக்கும்.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். லினக்ஸின் கையேடான மேன் பக்கங்களின் இரண்டாம் பிரிவு சிஸ்டம் கால்களுக்கானது. ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பும் மதிப்பையும் பிழைகளின் பட்டியலையும் முதலில் வாசியுங்கள். ஒரே சொற்கள்தாம் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும். நான்கைந்து பக்கங்களில் அந்த ஆங்கிலம் பழகிவிடும். தமிழ்வழிக் கல்வி இதற்குத் தடையில்லை.

பிறகு கோப்பைக் காட்டும் கேட், நகலெடுக்கும் சிபி போன்ற சிறு கட்டளைகளை நீங்களே எழுதிப் பாருங்கள். அதன்பின் புதிய புராசஸை உருவாக்கும் ஃபோர்க், அதில் வேறு நிரலை ஏற்றும் எக்ஸெக், அது முடியக் காத்திருக்கும் வெயிட் மூன்றையும் கொண்டு, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஒரு சிறிய ஷெல். அது ஓடிய பிறகு, கற்பிப்பதற்காகவே எம்ஐடியில் எழுதப்பட்ட எக்ஸ்வி6 கெர்னலை வாசிக்கலாம். சில ஆயிரம் வரிகள்தாம், முழுவதும் வாசித்து முடிக்கக் கூடியது.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. டெவ் அடைவில் ஃபுல் என்றொரு சாதனக் கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் வட்டு நிறைந்துவிட்டது என்ற பிழையே வரும். உங்கள் வணக்கம் நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிடுங்கள். ஸ்ட்ரேஸில் ரைட் தோற்பது தெரியும், ஆனால் நிரல் எதுவும் நடக்காததுபோல, வெற்றியைக் குறிக்கும் 0 என்று சொல்லி முடியும். அச்சிடும் பிரின்ட்எஃப் தாங்கியில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்திருந்ததை நிரல் முடியும் தறுவாயில் நூலகம் எழுத முயன்று தோற்கிறது. அதை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. தாங்கியில் உள்ளதை உடனே எழுதவைக்கும் எஃப்ஃப்ளஷை அழைத்து, அது திருப்பும் மதிப்பைச் சோதித்து, அந்த நிரல் தன் தோல்வியைத் தானே சொல்லும்படி திருத்துங்கள். திருத்திய நிரலை எனக்கு அனுப்புங்கள், சிபி பற்றி அப்போது எழுதுகிறேன்.