அலிகேட்டரா, முதலையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முகவாய் (மூக்கும் தாடைகளும் சேர்ந்து முன்னால் நீண்டிருக்கும் பகுதி) அகன்றிருந்தால் அலிகேட்டர், குறுகியிருந்தால் முதலை என்று கொள்ளலாமா?

பதில்: பல சமயம் அது சரியாக அமையும்; ஆனாலும் அதை மட்டும் வைத்து முடிவு செய்வது ஆபத்தானது. அமெரிக்க முதலையின் முகவாய் நுனியை நோக்கிக் குறுகிச் செல்ல, அமெரிக்க அலிகேட்டரின் முகவாய் மண்வெட்டியைப் போல அகன்று வட்டமாக முடிகிறது என்பது உண்மையே. ஆனால் தெற்காசியாவின் சதுப்புநில முதலைக்கும் அகன்ற முகவாய்தான்.

பல்லைப் பார்ப்பதே நம்பகமான வழி. கீழ்த்தாடையில் முன்னிருந்து நான்காவது பல் பெரியது. முதலை வாயை மூடியிருக்கும்போதும், மேல்தாடை விளிம்பில் உள்ள வெட்டின் வழியே அந்தப் பல் வெளியே துருத்திக்கொண்டு தெரியும். அலிகேட்டரின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது என்பதால், அதே பல் மேல்தாடைக்குள் இருக்கும் குழியில் போய் அமர்ந்துகொள்ள, வெளியே மேல்வரிசைப் பற்கள் மட்டுமே தென்படும். வாய் பிளந்த படங்களே அதிகம் எடுக்கப்படுகின்றன என்பதுதான் இதிலுள்ள சங்கடம். பக்கவாட்டில், வாய் மூடிய நிலையில் எடுத்த படமே இதற்கு உதவும்.

கேள்வி: மத்திய, தென் அமெரிக்காவில் வாழும், முதலை போன்ற கெய்மன் எந்த வகையைச் சேர்ந்தது?

பதில்: அலிகேட்டர் குடும்பத்தையே சேர்ந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தின் உட்பிரிவான அலிகேட்டர் என்ற பேரினத்தில் இன்று வாழ்பவை அமெரிக்க, சீன அலிகேட்டர்கள் என இரண்டே இனங்கள்.

கேள்வி: கடலில் காணப்பட்டால் அது முதலைதான் என்று உறுதியாகச் சொல்லலாமா?

பதில்: உறுதியாகச் சொல்ல முடியாது. மிகுதியான உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் முதலைகளின் நாக்கில் நன்கு செயல்படுவதால், உவர்நீர் முதலை போன்றவை கடலில் நெடுந்தொலைவு செல்கின்றன. அலிகேட்டருக்கு அந்த வசதி இல்லை என்றாலும், சிறிது காலம் உப்பு நீரில் நடமாடுவது உண்டு. இரண்டும் இயற்கையில் சேர்ந்து வாழும் தெற்கு ஃப்ளோரிடாவில் இடத்தை வைத்து அடையாளம் சொல்வது இன்னும் கடினம்.

கேள்வி: நிறம் உதவுமா?

பதில்: ஓரளவுக்கு மட்டும். அலிகேட்டர் கருமையாகவும் முதலை வெளிறிய பழுப்பாகவும் இருப்பது வழக்கம். ஆனால் உடலில் ஒட்டிய சேறும் பாசியும் அந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

கேள்வி: தோல் பையை வைத்து விலங்கைக் கண்டறிய முடியுமா?

பதில்: வயிற்றுப் பகுதித் தோலாக இருந்தால் முடியும். முதலையின் செதில்களில், பின்விளிம்பை ஒட்டி, ஊசியால் குத்தியது போன்ற சிறு புள்ளி இருக்கும். அது நீரின் அசைவை உணரும் உறுப்பின் தடம். அலிகேட்டருக்கு இவ்வுறுப்புகள் தாடையைச் சுற்றி மட்டுமே உள்ளதால் வயிற்றுச் செதில்களில் அந்தப் புள்ளி இராது. கெய்மன் தோலிலும் இராது என்பதால், புள்ளி இல்லாத தோலெல்லாம் அலிகேட்டர் தோல் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.