கை இழைப்புளியில் பலகையைச் சமன் செய்வது: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்ட லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) உடைத்த பலகைகளை வைத்துக்கொண்டு மேசை, அலமாரி செய்ய ஆசைப்படுகிறவர்கள் கேட்டவை இவை. எல்லாமே கை இழைப்புளி வேலை.

அண்ணே, மெஷின் இல்லாமல் பலகையை ஒரே கனத்துக்குக் கொண்டுவர முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் கனத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் ஒரு முகத்தை, அதாவது ஓர் அகலப் பக்கத்தை, சமமாக்குங்கள். பிறகு எடுக்கும் அளவெல்லாம் அந்த முகத்திலிருந்துதான். அது கோணினால் மற்ற மூன்று பக்கமும் கோணும்.

பார்த்தால் நேராகத்தான் இருக்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது. ஏன்?

முறுக்கு, தம்பி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே அகலத்தில் இரண்டு நேர்ச்சட்டம் செய்துகொள்ளுங்கள். பலகையின் இரு முனையிலும் குறுக்காக ஒவ்வொன்றை நிறுத்தி, குனிந்து, கிட்டத்துச் சட்டத்தின் மேல்விளிம்பு வழியாகத் தூரத்துச் சட்டத்தைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றாக மறைந்தால் முறுக்கு இல்லை. தூரத்துச் சட்டத்தின் இடது முனை மட்டும் தூக்கித் தெரிந்தால், அந்தப் பக்க இடது மூலையும் உங்கள் பக்க வலது மூலையும் மேடு. பெரும்பாலும் அந்த இரண்டு மூலைக்கு அடியில்தான் இடைவெளியும் இருக்கும். அங்கே சமமான ஆப்பு சொருகி, ஆட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் இழைப்புளியைத் தொட வேண்டும். ஒரு மூலைக்கு மட்டும் ஆப்பு வைத்தால் முறுக்கு முழுவதும் ஒரே பக்கம் சேர்ந்து, வீணாக மரம் போகும். இப்போது மேடான இரண்டு மூலையையும் சேர்த்து மூலைக்கு மூலை சாய்கோடாக இழையுங்கள். நாலு தள்ளு, மறுபடி பார்வை. இதில் அவசரப்படவே கூடாது.

எத்தனை இழைப்புளி வாங்க வேண்டும், ஐயா?

ஒன்று போதும். 14 அங்குல நீளம், கடையில் நம்பர் 5 என்று கேளுங்கள். தகட்டின் முனையை இலேசான வளைவாகத் தீட்டி, முதலில் நாருக்குக் குறுக்கே தள்ளுங்கள். சீக்கிரம் மரம் இறங்கும். எதிர் ஓரம் சிதறாமலிருக்க, அந்த விளிம்பை முன்கூட்டியே சாய்வாகச் சீவிவிடுங்கள். காசு சேர்ந்தால் 22 அங்குல நம்பர் 7 வாங்கலாம். குட்டை இழைப்புளி பள்ளத்துக்குள் இறங்கி ஏறும். நீளமானது மேட்டை மட்டும் சீவும்.

லயத்துப் பலகையில் ஆணி?

காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். மரம் கருத்திருக்கும் இடத்தில் இன்னும் கவனம்.

மெராந்தி மரத்தில் எந்தப் பக்கம் தள்ளினாலும் நார் பிய்கிறது.

அதில் ஒரு பட்டை நார் இப்படிப் போனால் அடுத்தது எதிராகப் போகும். தகட்டை நன்றாகத் தீட்டி, அதன்மேல் பொருத்தியிருக்கும் மேல் தகட்டைக் கூர்முனைக்கு மிக நெருக்கமாக, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வைத்து, மெல்லிய சீவலாக எடுங்கள். வெள்ளை மெராந்தியில் சிலிக்கா உண்டு. கூர் வேகமாகப் போகும். அடிக்கடி தீட்ட வேண்டியதுதான்.

சரி, கனம் எப்படிப் பிடிப்பது?

சமமான முகத்துக்கு ஓர் ஓரத்தைச் செங்கோணமாக்குங்கள். அப்புறம் கோடு கீறும் கட்டையை அந்த முகத்தில் அழுத்தி வைத்து, பலகையின் மிகவும் மெல்லிய இடத்துக்கு ஏற்ற அளவில் நாலு பக்கமும் கீறுங்கள். கோடு வரை விளிம்பைச் சாய்வாகச் சீவிக்கொண்டு, நடுமேட்டை இறக்குங்கள். கோட்டை நெருங்கியதும் ஓரத்தில் மயிரிழை போல ஒரு நார் தானாகப் பிரிந்து தொங்கும். அங்கேயே நிறுத்துங்கள்.

நேற்று சமமாக இருந்தது, இன்று குழிந்துவிட்டது!

ஒரே பக்கம் அதிகம் எடுத்திருப்பீர்கள், அல்லது சிமெண்டுத் தரையில் படுக்க வைத்திருப்பீர்கள். நம் ஊர்க் காற்றில் கூரைக்குக் கீழ் இருக்கும் மரம் சுமார் 15 விழுக்காடு ஈரத்தில் நிற்கும். குளிரூட்டிய அறையில் இன்னும் வற்றி, சுருங்கும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, சில நாள் நிறுத்தி வைத்துவிட்டுக் கடைசி இழைப்பைச் செய்யுங்கள். இரண்டு முகத்துக்கும் காற்றுப் படட்டும்.

மறுநடவுக்கு வெட்டிய பால்மரத்தை (ரப்பர் மரத்தை) வாங்கி அறுக்கலாமா, அண்ணே?

ஆசை எனக்குப் புரிகிறது, தங்கச்சி. நம் பெற்றோர் பால் வெட்டிய மரம். இழைக்கவும் இதமாக இருக்கும். ஆனால் மாவுச்சத்து அதிகம் என்பதால், வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் துளைப்பூச்சியும் ஏறும். போரான் மருந்தேற்றி, சூளையில் காயவைத்த பலகையாக வாங்குங்கள்.