கேள்வி – பதில்: சேனல் கணக்கும் ஏஐ முகவரும்

கேள்வி: ஒரு யூடியூப் சேனலுக்கு எத்தனை சந்தாதாரர்கள் என்று ஏஐ முகவரிடம் கேட்டேன். தயங்காமல் ஓர் எண்ணைச் சொன்னது. சேனல் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எண்ணே வேறு. புள்ளிவிவரம் எடுத்துத் தரும் கருவி ஒன்றை இணைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அந்தக் கருவி அப்படி என்ன செய்கிறது?

பதில்: ஏஐ முகவர் என்பது, எழுத்தில் பதில் தரும் மொழி மாதிரியை வைத்து வேலைகளைச் செய்யும் மென்பொருள். உங்கள் முகவர் எங்கும் போய்ப் பார்க்கவில்லை. பயிற்சியின்போது படித்த பழைய எழுத்துகளிலிருந்து பொருத்தமாகத் தோன்றிய ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறது. கருவி என்பது இடையில் நிற்கும் ஒரு சிறு நிரல். அதற்கு ஒரு பெயர், அது எதற்குப் பயன்படும் என்ற விளக்கம், அதற்குத் தர வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவை உண்டு. விளக்கத்தைப் படித்துவிட்டு, “இந்தக் கருவியை இந்தச் சேனலுக்காக அழை” என்று மொழி மாதிரி எழுதிக் கொடுக்கும். உண்மையில் அழைப்பது முகவரை இயக்கும் மென்பொருள். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற திறந்த நெறிமுறையின்படி கருவியை எழுதினால், அந்த நெறிமுறையை ஏற்கும் எந்தச் செயலியிலும் அதை இணைத்துக்கொள்ளலாம்.

உள்ளே நடக்கும் வேலை எளிமையானது. நிரல்கள் யூடியூபிடம் விவரம் கேட்டுப் பெறும் வாசலான யூடியூப் டேட்டா ஏபிஐயிடம் சேனலின் அடையாளத்தை (ஐடி) கொடுத்தால் மொத்தப் பார்வைகள், சந்தாதாரர் எண்ணிக்கை, வீடியோ எண்ணிக்கை ஆகிய மூன்றும் வந்துவிடும். ஆனால் அவை எண்களாக வருவதில்லை, மேற்கோள் குறிகளுக்குள் எழுத்துத் தொடராக வருகின்றன. கருவியை எழுதியவர் அவற்றை எண்ணாக மாற்ற மறந்துவிட்டால், வரிசைப்படுத்தும்போது முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து 9800 என்பது 12000-ஐவிடப் பெரியது என்றாகிவிடும். முகவரும் அதையே அழகான அட்டவணையாகப் போட்டுத் தரும்.

கேள்வி: என் சேனலுக்கு 1,23,456 சந்தாதாரர்கள் இருப்பதாக யூடியூப் ஸ்டுடியோ காட்டுகிறது. கருவியோ 1,23,000 என்கிறது. பத்து நாட்களாக அதே எண்தான். கருவி பழுதா?

பதில்: பழுதில்லை. சந்தாதாரர் எண்ணிக்கையைச் சுருக்கிக் காட்டும் முறை 2019 செப்டம்பரில் வந்தது. ஆயிரத்தைத் தாண்டிய சேனல்களுக்கு முதல் மூன்று இலக்கங்களை வைத்துக்கொண்டு மீதியைக் கீழ்நோக்கி முழுமையாக்கியே ஏபிஐயும் தருகிறது. 1,23,000 முதல் 1,23,999 வரை எல்லாமே 1,23,000தான். ஆகவே நாள்தோறும் எண்ணை எடுத்து வளர்ச்சியைக் கணக்கிடச் சொன்னால், பல நாட்கள் வளர்ச்சியே இல்லை என்றும், ஒரு நாள் திடீரென ஆயிரம் பேர் சேர்ந்தார்கள் என்றும் முகவர் அறிக்கை எழுதும். அதோடு நில்லாமல், அந்த ஒரு நாளில் வெளியான வீடியோவுக்குப் பாராட்டுரையும் சேர்த்துவிடும். நான் பார்த்த அறிக்கைகளில் என்னைச் சிரிக்க வைத்தது இந்தப் பாராட்டுரைதான்.

என்னைக் கேட்டால், வெறும் எண்ணை மட்டும் திருப்பித் தரும் கருவி அரைகுறைக் கருவி. “இது முழுமையாக்கப்பட்ட எண், இந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, இதன் உண்மை மதிப்பு இந்த எல்லைக்குள் எங்கும் இருக்கலாம்” என்ற குறிப்பும் எண்ணோடு சேர்ந்து வர வேண்டும். மொழி மாதிரி தன்னிடம் தரப்பட்டதை வைத்துத்தான் பேசும்; குறிப்பைத் தராமல் இருந்துவிட்டு, அது நிதானமாகப் பேசவில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை. சேனல் உங்களுடையது என்பதால், யூடியூப் அனலிட்டிக்ஸ் ஏபிஐக்கு அனுமதி கொடுத்து, ஒவ்வொரு நாளும் சேர்ந்தவர், விலகியவர் எண்ணிக்கையைத் தனித்தனியாகப் பெறலாம். பிறருடைய சேனலுக்கு அந்த வழி கிடையாது. பார்வை எண்ணிக்கையின் ஏற்றத்தைத்தான் பார்க்க வேண்டும். அதிலும், ஷார்ட்ஸ் எனும் குறு வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணும் முறை 2025 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்ததால், அந்த நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது.

கேள்வி: காலையில் முகவரை ஓடவிட்டால் மதியத்துக்குள் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று பிழைச்செய்தி வருகிறது. இருபது சேனல்களைத்தான் கவனிக்கிறேன்.

பதில்: முகவர் ஒவ்வொரு முறையும் சேனலைப் பெயர் சொல்லித் தேடுகிறது என்று நினைக்கிறேன். ஏபிஐயை அழைக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஒதுக்கீட்டிலிருந்து சில அலகுகள் கழியும். வழக்கமான ஒதுக்கீடு நாளொன்றுக்கு 10,000 அலகுகள். ஒரு தேடலுக்கு 100 அலகுகள் போய்விடும். சேனல் விவரத்தை நேரடியாகக் கேட்டால் ஓர் அலகுதான். @ குறியோடு வரும் கைப்பிடிப் பெயரைக் கொடுத்தாலே சேனல் விவரம் கிடைக்கும் வசதி 2024 முதல் இருக்கிறது. இருபது சேனல்களின் அடையாளங்களையும் ஒருமுறை கண்டெடுத்துச் சேமித்துக்கொண்டால், அவை அனைத்தையும் காற்புள்ளியிட்டு ஒரே அழைப்பில் கேட்டுவிடலாம்.

வீடியோக்களின் பட்டியலுக்கும் தேடல் தேவையில்லை. ஒவ்வொரு சேனலுக்கும் பதிவேற்றங்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு, அதன் அடையாளம் சேனல் விவரத்திலேயே வரும். அந்தப் பட்டியலைப் பக்கத்துக்கு 50 வீதம் எடுத்து, வீடியோக்களின் எண்ணிக்கை விவரத்தையும் 50 வீதம் கேட்டால், 200 வீடியோக்களுக்கு 8 அலகுகள் போதும். தேடலில் இதே 200 முடிவுகளுக்கு 400 அலகுகள் ஆகும். எந்த அழைப்பு மலிவு என்பது முகவருக்குத் தானாகத் தெரியாது என்பதால், தேடும் கருவியின் விளக்கத்திலேயே “அடையாளம் தெரியாதபோது மட்டும் பயன்படுத்துக” என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: கருவிக்கு என் கூகுள் கடவுச்சொல்லைத் தரலாமா?

பதில்: கூடாது. பொதுவெளியில் தெரியும் எண்களுக்கு, ஏபிஐயை அழைக்க கூகுள் தரும் குறியீடான ஏபிஐ சாவி போதும். சொந்தச் சேனலின் உள்விவரங்களுக்கு, படிக்க மட்டும் இடம்தரும் அனுமதியை கூகுள் பக்கத்தின் வழியாகவே கொடுங்கள். வீடியோ தலைப்பும் விளக்கமும் முன்பின் தெரியாதவர்கள் எழுதுபவை. “முந்தைய கட்டளைகளை மறந்துவிடு” என்று ஒருவர் தன் வீடியோ விளக்கத்தில் எழுதிவைத்தால், அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் முகவர்கள் உண்டு. எண்கள் மட்டும் தேவைப்படும் வேலையில் அந்த விளக்கங்களைக் கருவி திருப்பித் தராமல் இருப்பதே நல்லது.