அப்பாவின் கட்டில் எங்கே?

அன்புள்ள அக்கா,

எனக்கு 41 வயது. கொக்குவிலில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே இங்கிலாந்தின் மன்செஸ்டர் யுனைட்டட் உதைபந்தாட்ட அணி என்றால் எனக்கு உயிர். 2013க்குப் பிறகு பிரிமியர் லீக் கிண்ணம் இல்லை. 2024-25இல் 15ஆம் இடம். பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டொட்டன்ஹாமிடம் 1-0 என்று தோற்ற இரவு விடியும்வரை நான் படுக்கவில்லை. கிளேசர் குடும்பம் 2005இல் கடன்பட்டு இந்தக் கழகத்தை வாங்கி, அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டியது. பங்கு வாங்கிய பணக்காரர் ஜிம் ராட்கிளிஃப் வந்தால் விடிவு என்று நம்பினோம். அவர் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார், வேலைசெய்கிறவர்களின் மதியச் சாப்பாட்டிலும் கைவைத்தார். 2024 கடைசியில் மிச்சமிருந்த ரிக்கற் எல்லாவற்றையும் 66 பவுண் ஆக்கி, சிறுவருக்கும் முதியவருக்கும் இருந்த சலுகையை எடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடமாக அந்த மைதானத்துக்கு வந்த கிழவனுக்கு இதுவா மரியாதை? இவர்களுக்கு மனச்சாட்சி இல்லையா?

ஆட்டம் முடிந்தாலும் நித்திரை வருவதில்லை. போனில் திட்டித் திட்டி எழுதிக்கொண்டிருப்பேன். மனைவி ஏசுகிறா. எங்கள் டிவி ஹோலில், அப்பாவும் அங்கேதான் படுக்கிறவர், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் ஏலாது. இரவு ஆட்டமென்றால் அவரின் கட்டிலை விறாந்தைக்கு மாற்றிவிடுவோம், அதனால் அவருக்கும் தொந்தரவில்லை. உண்மையில் உதைபந்தாட்டப் பைத்தியத்தை எனக்குத் தந்ததே அவர்தான். 94 உலகக் கிண்ணத்தின்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேடியோ கேட்கவைத்தவர்.

இந்த அணியை விட்டுவிடவா? விட்டால் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. மனதை எப்படி ஆற்றுவது?

— வாசகர், கொக்குவில்

தம்பி,

உங்கள் கடிதம் நாலு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஆர்சனலுக்காக எழுதுகிறார்கள், லிவர்பூலுக்காக எழுதுகிறார்கள், எங்கள் கிரிக்கெட் சபையை நினைத்து வயிறெரிந்து எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கிறேன். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதினீர்களே, அதிலேயே நின்றுவிட்டேன். அப்பாவின் கட்டிலை விறாந்தைக்கு மாற்றிவிடுவோம் என்ற வரி. 66 பவுண் ரிக்கற்றுக்கு முக்கால் பக்கம் எழுதிய கை, இதற்கு ஒரு வரியோடு நின்றுவிட்டது. தொந்தரவில்லை என்று நீங்களே அவருக்காகத் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

2024-25இல் உங்கள் அணி எத்தனை ஆட்டம் ஆடியது என்று கணக்குப் பார்த்தேன். லீக்கில் 38, ஐரோப்பாவில் 15, மற்றக் கிண்ணங்களையும் சேர்த்து 60. எல்லாமே நடுச்சாமத்து ஆட்டமில்லை, சிலது பொழுதுபட முடிந்துவிடும். பாதியென்று வைத்தாலும் முப்பது இரவு. அங்கே குளிர்காலத்தில் இரவு எட்டு மணிக்குப் பந்து உருண்டால் இங்கே ஒன்றரை மணி. முடிய மூன்றரை. அதுவும் எந்த மாதங்களில்? கார்த்திகை மழை, மார்கழிப் பனி, வாடைக்காற்று. மாரி வந்தால் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு டெங்குப் பயம். ஒரு பக்கம் ஏலாத மனிசன் காலில் நுளம்பு கடித்தால் மற்றக் கையால்தான் விரட்ட வேண்டும். இரவில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவார்? கூப்பிட்டால், உள்ளே வர்ணனையாளர் கத்துகிற கத்தலில் உங்களுக்குக் கேட்குமா?

அவர் ஒன்றும் சொல்வதில்லை என்பீர்கள். சொல்லமாட்டார்தான். அந்தத் தலைமுறை ஆண்கள் சொல்ல மாட்டார்கள். பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, நாலு பேராகக் கட்டிலைத் தூக்கும்போது "பார்த்து, கதவுநிலையில் இடிக்காமல்" என்று வழிகூடச் சொல்லித் தருவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்தீர்களென்றால் உங்களை நான் மன்னிக்கமாட்டேன்.

என் மாமியார் கடைசி இரண்டு வருடம் ஹோலில்தான் படுத்திருந்தா. அறைக்குள் போடுவோம் என்று கேட்டோம், மாட்டேன் என்றுவிட்டா. அங்கே கிடந்தால்தான் படலை திறக்கிற சத்தம் கேட்கும், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரியும், பள்ளிக்கூடத்தால் வருகிற பேரப்பிள்ளையின் சப்பாத்து விழுகிற சத்தம் கேட்கும். படுக்கையில் விழுந்தவருக்கு வீட்டில் மிஞ்சுகிற இடம் அவ்வளவுதான். அந்த இடத்தைத்தான் நீங்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் அவரிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

இனி அந்த டைனமோ. 1990இல் யுத்தத்தால் இங்கே மின்சாரம் போனது, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து பெடலைக் கையால் சுற்றித்தான் பிபிசி தமிழோசை கேட்டோம். எங்கள் வீட்டில் சுற்றுகிறது என் தம்பி. அரை மணித்தியாலத்தில் தோள்மூட்டு விட்டுப்போகும், கை தளர்ந்தால் ரேடியோக் குரலும் அமுங்கிப்போகும், எல்லோரும் சேர்ந்து "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவோம். உங்கள் அப்பா பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்து, பத்து வயதுப் பிள்ளை உதைபந்தாட்டச் செய்தி கேட்கவேண்டுமென்று அந்தப் பெடலைச் சுற்றியிருக்கிறார். இன்றைக்கு வீட்டில் பெரிய டிவி, முழு ஆட்டமும் படமாக வருகிறது. அதைப் பார்க்காமல் வெளியே படுத்திருக்கிற ஒரே ஆள் அந்தப் பெடலைச் சுற்றியவர். "அப்பா, நீங்களும் பார்க்கிறீங்களா?" என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். உங்கள் கோபத்தில் பிழையில்லை. சிறுவனுக்கு 25 பவுணுக்குக் கிடைத்த இடத்தை 66 ஆக்குவது அநியாயம்தான். ஆனால் அந்த ஊர்க்காரர் கோபப்பட்டபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2005இல் கிளேசர் வந்தவுடன், ஒரு கூட்டம் வெளியேறி எஃப்சி யுனைட்டட் ஒஃப் மன்செஸ்டர் என்று தங்களுக்கே சொந்தமாக ஒரு கழகம் தொடங்கியது. 2010இல் பச்சையும் பொன்னிறமுமாகச் சால்வை போட்டு வந்தார்கள், அது கழகம் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்த காலத்து நிறம். 2021 மே மாதம் மைதானத்துக்குள்ளேயே இறங்கி, லிவர்பூலுடனான ஆட்டத்தைத் தள்ளிப்போட வைத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகும் பெரும்பங்கு கிளேசர் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. வாசலில் நின்று கத்தியவர்களுக்கே அசையாதவர்கள், கொக்குவிலில் இருந்து விடியச் சாமத்தில் நீங்கள் போனில் எழுதுகிறதை வாசித்துத் திருந்துவார்களா? அந்த எழுத்தால் கெடுகிறது உங்கள் நித்திரையும் மனைவியின் நித்திரையும்தான். அவவைப் பற்றி நீங்கள் எழுதியது "ஏசுகிறா" என்ற ஒரு சொல். அவ ஏசாமல் என்ன செய்வா?

இன்னொன்றும் கேட்கிறேன். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் வரைக்கும் ஏழு மாதம், எங்கள் பிள்ளைகள் நாட்டுக்காக ஒரு சர்வதேச ஆட்டம் ஆட முடியவில்லை. அதற்கும் காரணம் நிர்வாகக் குழப்பம்தான். அப்போது நீங்கள் எத்தனை இரவு முழித்திருந்தீர்கள்? குருநகரிலும் நாவாந்துறையிலும் பாசையூரிலும் இளவாலையிலும், சப்பாத்து வாங்க வசதியில்லாமலே எவ்வளவு நல்லாக விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கழகங்களின் நிர்வாகியிடம் நேரே போய்க் குறை சொல்லலாம், அவர் சந்தையில் எதிர்ப்படுகிற மனிசன். பந்து வாங்க ஆயிரம் ரூபா கொடுத்தால் அந்தப் பந்து உருளுகிறதைக் கண்ணால் பார்க்கலாம்.

துரோகம் என்ற சொல்லை நீங்கள் பாவித்ததுதான் எனக்கு ஆகவே பிடிக்கவில்லை. ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்துக்கு நீங்கள் கடமைப்பட்டவரில்லை. நீங்கள் விட்டாலும் அவர்களுக்குத் தெரியாது, பிடித்துக்கொண்டு நின்றாலும் தெரியாது. பார்க்க ஆசையென்றால் பாருங்கள், அதில் ஒரு குற்றமுமில்லை. பெற்றவரைப் பார்ப்பதைக் கடமை என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம், அதில் நான் இன்றுவரை மாறவில்லை, இனி மாறப்போவதுமில்லை. ஐம்பது வருடம் வந்த கிழவனுக்கு இதுவா மரியாதை என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. உங்கள் வீட்டு விறாந்தையில் நின்று, சத்தமாக இன்னொரு தடவை கேட்டுப்பாருங்கள்.

இனிமேல் கட்டிலை விறாந்தைக்குத் தூக்காதீர்கள், அதன் இடத்திலேயே இருக்கட்டும். அடுத்த ஆட்டத்தன்று பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது, இன்றைக்கு யார் யாருக்கு ஆட்டம் என்று சொல்லி, பார்க்கப்போகிறீர்களா என்று கேளுங்கள். ஓம் என்றால் தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்து உயர்த்திவிட்டு, பக்கத்தில் ஒரு கதிரை போட்டு நீங்களும் இருங்கள். ஒன்றரை மணி ஆட்டமென்றால் அவரை முழிக்கவைக்க வேண்டாம், காலையில் முடிவைச் சொல்லுங்கள். வேண்டாம், நித்திரை கொள்ளப்போகிறேன் என்றால் டிவியைத் தூக்கி உங்கள் அறையில் வையுங்கள். நாலு யார் நீளத்துக்கு வயர் கூடத் தேவைப்படும், அவ்வளவுதான்.