மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வு: அக்காவோடு முப்பது நாள் கோவைக்குப் போய்வந்தேன்

கேள்வி: மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை எடுக்கலாமா? அது ஷாக் வைப்பதுதானா?

ஷாக் அல்ல. மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. எடுக்கலாமா என்பதற்கு என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பாலக்காடு மாவட்டம், ஆனால் வீட்டிலும் தோப்பிலும் பேச்சு தமிழ்தான். அக்கா தமிழ் வழியில் படித்தவள். கடையில் விலை கேட்கும் அளவுக்கு மலையாளம் வரும். நெஞ்சில் இருப்பதைச் சொல்ல வராது. முதலில் காட்டிய மருத்துவர் மலையாளத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்பார். அக்கா ஒவ்வொரு முறையும் "குழப்பமில்லை" என்பாள். மலையாளத்தில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள். மூன்று ஆண்டுகள் அவளுடைய சீட்டில் ஏறியது அந்த ஒரு சொல்தான். தூக்கம் வரவில்லை என்று நாங்கள் சொன்னால் இரண்டு வாரத்தில் மாத்திரை மாறும்.

பிறகு வேலந்தாவளம் தாண்டிக் கோவையில் ஒரு மருத்துவரிடம் போனோம். அங்கே தமிழில் கேட்டதும், "விடிந்து கண் திறந்தாலே நெஞ்சில் கல் ஏறி உட்கார்கிறது" என்றாள். நானே அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் பழைய சீட்டுகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, எந்த மாத்திரையையும் இவர் முழு அளவில் ஆறு வாரம் சாப்பிட்டதே இல்லை என்றார். தைராய்டு, பி12 பரிசோதனை செய்தார். இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, போதிய அளவில், போதிய காலம் கொடுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் காந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசினார். உங்களுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: மருந்து உண்மையிலேயே தோற்றதா, சரியாகக் கொடுத்துப் பார்க்கவே இல்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காந்தச் சிகிச்சையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி மருத்துவர் "டி.எம்.எஸ்." என்றதும் அம்மா, "பாட்டுக்காரர் பெயரா சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். மருத்துவரும் நானும் சிரித்தோம். அக்கா தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

இந்தச் சிகிச்சை வேலை செய்வது இப்படி: கம்பிச்சுருளில் மின்சாரம் சட்டென்று ஏறி இறங்கினால் காந்தப்புலம் மாறும். மாறும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும். 1831இல் ஃபாரடே கண்டது இது. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் அந்தச் சுருளை மனிதத் தலைமேல் வைத்து, மூளையைத் தூண்டிக் கையை அசைய வைத்தார்கள். மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008இல் அனுமதி கிடைத்தது.

முதல் நாள் அக்காவின் தலையில் சுருளை நகர்த்தி நகர்த்தி வைத்து, வலது கட்டைவிரல் தானாகத் துடிக்கும் இடத்தைத் தேடினார்கள். விரல் துடிக்கக் காந்தத்துக்குக் குறைந்தது எவ்வளவு வலிமை வேண்டுமோ அதுதான் அவளுக்கான அளவுகோல். பிறகு சுருளை முன்பக்கம் நகர்த்தி, இடது நெற்றிக்கு மேலே வைத்தார்கள். நொடிக்குப் பத்துத் துடிப்பு வீதம் நான்கு நொடி, பிறகு இருபத்தாறு நொடி ஓய்வு. இப்படி 37 நிமிடத்தில் 3,000 துடிப்புகள். மரங்கொத்தி கொத்துவதுபோல் சத்தம் வரும், காதில் அடைப்பான் வைப்பார்கள். முதல் வாரம் தலையோட்டில் சுள்ளென்று குத்தியது, மாலையில் தலைவலி. பிறகு பழகிவிட்டது. வலிப்பு வருவது மிக அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் முன்பே வலிப்பு வந்தவர்களும், தலைக்குள் உலோகக் கிளிப்போ காது கேட்பதற்காகக் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியோ உள்ளவர்களும் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பலன்? 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 14 சதவீதம் பேர் முழுமையாகத் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மூளையைத் தூண்டாமல் சிகிச்சைபோலவே செய்யப்பட்டவர்களில் 5 சதவீதம். நடைமுறையில் ஆறு வாரம் முடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிகிறது. எல்லோருக்கும் குணமாகும் என்று எவராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

அக்காவுக்கு மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். நான் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனேன். பாதியில் நிறுத்திவிடலாம் என்று அவளே இரண்டு முறை சொன்னாள். நான்காவது வாரம், உக்கடத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், "அம்மா அன்றைக்குப் பாட்டுக்காரர் என்று கேட்டாரே" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு மாதம் தாமதமாக வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் அழுதேன்.

இப்போதும் மாத்திரை தொடர்கிறது. மறுபடி சரிந்தால் மறுபடி சில அமர்வுகள் தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றே நிமிடத்தில் முடியும் துரித முறையும் உண்டு. நீண்ட முறைக்கு அது குறைந்ததல்ல என்று 2018இல் வந்த கனடா ஆய்வு காட்டியது. ஆனாலும் நாள்தோறும் போய்வரத்தான் வேண்டும். ஆகவே மொத்தச் செலவையும், கூட வரும் ஆளையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் அவசரம். உயிரை விட்டுவிடும் எண்ணம் இருந்தாலோ, சாப்பாடு தண்ணீரே நின்றுவிட்டாலோ ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்னதிர்ச்சிச் சிகிச்சைதான் விரைவாகவும் வலுவாகவும் கைகொடுக்கிறது. அதன் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். வீட்டில் பேசும் மொழியிலேயே பேசுங்கள்.